சாம்பல் சொல்லும் சாட்சி

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டிப் பெருகிய வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியது. படகுகளின் பக்கங்களிலும் வலைகளிலும் கரையோர வீட்டுச் சுவர்களிலும் கரிய பிசுக்கு ஒட்டியது. கூழைக்கடாக்களின் வெளிறிய சிறகுகள் கறுத்தன. அக்காட்சிகளைப் பலரும் படமெடுத்தனர். அத்தகைய ஒளிப்படம் ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்காக வீட்டு அச்சுப்பொறியில் அச்சிடுவதாகக் கொள்வோம். திரையில் கறுப்பாகத் தெரிந்த கறை தாளில் பச்சை படிந்து வருகிறது. காண்பவர் ஒருவர், “இது பாசிதானே?” என்று கேட்டுவிட்டால் அப்படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அப்பயனே போய்விடும்.

படத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே நிறம் மெல்லிய திரைபோல் படர்ந்து நிற்பதை நிறச்சாயல் என்பர். இதை ஆராயப் புகுமுன் நம் கண்ணைப் பற்றி ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். வெயிலில் வெண்மையாகத் தெரியும் சட்டை, குண்டு விளக்கின் மஞ்சள் ஒளியிலும் நமக்கு வெண்மையாகவே தெரிகிறது. ஒளியின் நிறத்தை மூளை தானே கழித்துவிடுகிறது. ஒளிப்படக்கருவிக்கு அத்திறன் இயல்பாக இல்லை. ‘வெண்சமன்’ என்னும் கணக்கீட்டால் அதை ஊகித்தே அறிகிறது. ஊகம் சில வேளைகளில் தவறும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விளக்கொளியில் தொடங்கும் விற்பனை கதிரொளியிலும் தொடரும். ஒளியின் நிறத்தை கெல்வின் என்னும் அலகால் குறிப்பர். குண்டு விளக்கு ஏறத்தாழ 2,700, நண்பகல் வெயில் 5,500, மேகமூட்டம் 6,500, நிழல் 7,500 அளவில் அமையும். எண் உயர உயர ஒளி நீலமாகும். மீனின் புதுமையைச் செவுளின் சிவப்பால் அறிவது கடற்கரை வழக்கம். அதே மீனை விடியுமுன் ஒருமுறையும் விடிந்தபின் நிழலில் ஒருமுறையும் படமெடுத்தால், வெண்சமன் தவறும்போது இரு செவுள்களும் இருவேறு நாள் மீனுடையவைபோலத் தோன்றும். சோடிய ஆவி விளக்கின் கீழ் எடுத்த படத்தின் நிலை இன்னும் கடினம். அவ்வொளியில் நீலக்கூறு மிகக் குறைவு. ஒளியிலேயே இல்லாத நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

ஆக, குறை படத்திலும் இருக்கலாம். திரையிலும், மென்பொருளிலும், மையிலும், தாளிலும் இருக்கலாம். பெரும்பாலோர் இதை எண்ணாமல், தாளில் பச்சை கண்டவுடன் கணினியில் பச்சையைக் குறைத்து மீண்டும் அச்சிடுகின்றனர். நான்கைந்து தாள்கள் வீணான பின்னரும் முகங்கள் இளஞ்சிவப்பாகின்றனவே தவிர, கறை கறுப்பாவதில்லை. நோயை அறியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஒப்பானது இது.

குறையின் இடத்தைக் காட்டும் சாட்சி சாம்பல் நிறம். வெண்மையிலிருந்து கருமை வரை படிப்படியாகச் செல்லும், நிறமே கலவாத சாம்பல் பட்டை ஒன்றை வண்ண மைகளைக் கொண்டே அச்சிட வேண்டும். ‘கறுப்பு மட்டும்’ என்னும் தெரிவை அப்போது நீக்கிவிட வேண்டும். இல்லையேல் கறுப்பு மை மட்டுமே பேசும், மற்றவை மறைந்துகொள்ளும். பட்டை தூய சாம்பலாக வந்தால் அச்சுப்பொறி பெரும்பாலும் குற்றமற்றது; குறை படத்திலோ நாம் செய்த திருத்தத்திலோ உள்ளது. பட்டையிலும் சாயல் தெரிந்தால் படத்தைத் தொடவே வேண்டா. மையையும் தாளையும் அச்சு அமைப்புகளையும் நாட வேண்டும். இந்த ஒரு தாளை முதலிலேயே செலவிட்டால் பின்னர்ப் பத்துத் தாள்கள் மிஞ்சும். எண்ணூரில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அனல்மின் நிலையச் சாம்பலை இதற்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது. அதில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடும் எரியாத கரியும் அதன் நிறத்தை இடத்துக்கு இடம் மாற்றிவிடுகின்றன.

நம் எடுத்துக்காட்டில் சாம்பல் பட்டையும் பச்சையாகவே வருகிறது எனக் கொள்வோம். அச்சுப்பொறியில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள் உள்ளன. சயான் சிவப்பொளியையும், மெஜந்தா பச்சையொளியையும், மஞ்சள் நீலவொளியையும் உறிஞ்சும். மெஜந்தா மை சரிவர வராதபோது பச்சையொளி தடையின்றித் திரும்புகிறது. படம் முழுதும் பச்சை படர்கிறது. சயான் நின்றால் சிவப்பும், மஞ்சள் நின்றால் நீலமும் மேலோங்கும். எனவே எந்த நிறம் மிகுந்துள்ளது என்பதைக் காட்டிலும் எந்த மை வரவில்லை என்று கேட்பதே பொருத்தமான வினா. வாரக்கணக்கில் பயன்படுத்தாத அச்சுமுனையின் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்வது இயல்பு. அச்சுப்பொறியிலேயே உள்ள நுண்துளைச் சோதனைத் தாளை எடுத்தால், அடைபட்ட மையின் கோடுகள் அறுந்து காணப்படும். தூய்மைப்படுத்தும் கட்டளையை இரண்டு அல்லது மூன்று முறை இட்டும் பயனில்லையெனில், சில மணி நேரம் விட்டுவைத்து மீண்டும் முயல்க. ஒவ்வொரு முறையும் மை செலவாகும் என்பதை மறத்தல் ஆகாது.

நுண்துளைகள் செவ்வனே இருந்தும் சாயல் நீங்காவிடில், தாளின் வகை அமைப்பில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனக் காண்க. பளபளப்புத் தாளை வைத்துவிட்டுச் சாதாரணத் தாள் என்று குறித்தால் மையின் அளவே மாறிவிடும். நிறத் திருத்தத்தைப் படம் திருத்தும் மென்பொருளும் அச்சுப்பொறி மென்பொருளும் தனித்தனியே செய்தால் இருமடித் திருத்தம் நேர்ந்து, படம் பெரும்பாலும் மெஜந்தா அல்லது சிவப்புப் பக்கம் சாயும். இரண்டில் ஒன்றையே இயங்கவிட வேண்டும்.

சாம்பல் பட்டை குற்றமற்றது எனச் சான்று தந்த பின்னரும் படம் நீலமாக வருகிறதா? திரையை ஐயுறுக. இரவில் கண் கூசாதிருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி கைப்பேசியிலும் கணினியிலும் உண்டு. அது இயங்கும்போது படத்தைத் திருத்துபவர், திரையின் மஞ்சளைப் படத்தின் மஞ்சளெனக் கருதி நீலத்தைக் கூட்டிவிடுவார். திரைக்குத் தெரிந்த மஞ்சள் தாளுக்குத் தெரியாது. அச்சான படத்தையும் நேர்வெயில் படாத சாளரத்தருகே பகலொளியில் பார்த்தே முடிவு செய்தல் நன்று. குழல்விளக்கின் கீழ்ச் சரியாகத் தோன்றும் சாம்பல் பகலில் சற்றே பச்சையாகத் தோன்றுவதும் உண்டு.

அச்சிட்ட அன்று குறையின்றி இருந்த படம் பின்னர் மாறுவது வேறொரு வகை. நம் வீடுகளில் உள்ள பழைய திருமணத் தொகுப்புகள் செம்மை படர்ந்து காணப்படுவதற்குப் பெரிதும் சயான் சாயம் மங்கியதே காரணம். மைத்தூவல் அச்சிலும் இது நிகழும். 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனத்தின் சில அச்சுப்பொறிகளில், குறிப்பிட்ட பளபளப்புத் தாளில் எடுத்த படங்கள் வெகுவிரைவில் செம்மஞ்சளாக மாறின. காற்றிலுள்ள ஓசோன் போன்ற வளிகள் சயான் மையைத் தாக்கியதே காரணமெனப் பின்னர் அறியப்பட்டது. கடலின் ஈரக்காற்றும் ஆலைப்புகையும் சரக்குந்துகளின் புகையும் கலந்த திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் இக்கவனம் இன்னும் தேவை. தாளை உறையில் மூடி வைத்துத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கலாம். அச்சிட்ட படத்தை ஒருநாள் உலரவிட்டுக் கண்ணாடிச் சட்டத்துள் வைத்தால் காற்றின் தாக்குதல் பெரிதும் குறையும்.

திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணெய்க் கறை பாசிபோல் தெரிவது பிழையென்றால், அதை இருந்ததைவிடக் கரியதாக்கிக் காட்டுவதும் பிழையே. பின்னது தெரிந்தே செய்யப்படுவதால் மேலும் தாழ்ந்தது. ஆகவே காட்சிக்குள் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். மென்பொருளில் அவ்வட்டையைச் சுட்டி, அது சாம்பலாகும் அளவுக்கு மட்டும் நிறத்தைத் திருப்பினால் போதும். கறை தனக்குரிய நிறத்தைத் தானே அடையும். திருத்தாத மூலக்கோப்பைத் தனியே காத்து வைத்து, அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் இடம், நாள், நேரம், அப்போதிருந்த ஒளி ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைக்கலாம்.