பூட்டிய வீடுகளும் 'ஆக்கிரமிப்பாளர்'களும்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர் முதலில் கேட்பது மாத வாடகையை அல்ல, முன்பணத்தை. பத்து மாத வாடகையை மொத்தமாக முன்னரே வாங்கிக்கொள்வது அந்நகரின் நெடுநாள் வழக்கம். சில லட்சங்களைத் திரட்ட முடிந்தவர்கள் 'லீசு'க்குப் போகிறார்கள். தொகையை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் குடியிருந்து, வெளியேறும்போது அதைத் திரும்பப் பெறும் முறை அது. இவ்விரண்டும் இயலாதவர்களுக்கு எஞ்சுவது குடிசைப் பகுதி.

மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் இடைப்பட்ட இப்பகுதியின் தமிழர்களில் பலர், பஞ்சாலைகளிலும் ரயில்வேயிலும் கட்டட வேலையிலும் சேர வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த அவர்களுக்கு வேலை தந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பால் சட்டம் படிப்போர் அனைவரும் அறிந்த மினர்வா மில், இந்நகரின் ஆலைதான். பின்னி ஆலை நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. 2014 மார்ச் 1ஆம் தேதி ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தின் மீது உழைத்தவர்களின் பிள்ளைகள் ஒற்றை அறை வீடுகளிலேயே தங்கிப்போனார்கள்.

வீடு போதவில்லை என்பதுதான் இதற்குக் காரணமா? அரசின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1.11 கோடி. அதாவது, நகர்ப்புறக் கட்டடங்களில் பத்தில் ஒன்று. அடுத்த ஆண்டே மத்திய வீட்டுவசதி அமைச்சகத்துக்காகப் பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு, நகரங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணித்தது. அந்தப் பற்றாக்குறையில் 95 சதவீதத்துக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. இதில் தெருவில் படுத்துறங்குவோர் சுமார் 5 லட்சம் குடும்பங்களே. ஏறத்தாழ 1.5 கோடிக் குடும்பங்கள் நெருக்கடியால் வாடுபவை. மணமான மகனுக்கும் மருமகளுக்கும் தனி அறை இல்லாத வீடு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இந்த நெருக்கடியைக் காண ஸ்ரீராம்புரத்தின் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் போதும்.

ஒருபுறம் ஒரு கோடி பூட்டிய வீடுகள், மறுபுறம் கோடிக்கணக்கானோர். பூட்டை உடைத்து உள்ளே போய்விடலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இருக்குமா? தோன்றியிருக்கிறது, உலகின் பல நகரங்களில்.

லண்டனும் கல்கத்தாவும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1946இல், பிரிட்டனில் வீடிழந்த குடும்பங்கள் காலியாகக் கிடந்த ராணுவ முகாம்களுக்குள் சாமான்களுடன் குடியேறின. அக்டோபருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தனர். செப்டம்பரில் கம்யூனிஸ்டுகள் தலைமையில் லண்டன் கென்சிங்டனின் ஆடம்பர அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றிலும் மக்கள் புகுந்தனர். முகாம்களில் குடியேறியவர்களைப் பெரும்பாலும் சகித்துக்கொண்ட தொழிற்கட்சி அரசு, பணக்காரர் வட்டாரத்தில் புகுந்தவர்களிடம் கடுமை காட்டியது. அதே பிரிட்டனின் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2012 செப்டம்பர் முதல், காலியான குடியிருப்பு வீட்டில் அத்துமீறிக் குடியேறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நம் நாட்டின் உதாரணம் இதைவிடப் பெரியது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள், கல்கத்தாவின் தெற்கே ஜாதவ்பூரில் போருக்குப் பின் கைவிடப்பட்ட ராணுவக் கொட்டகைகளில் குடியேறினர். பிஜய்கர் என்னும் குடியிருப்பு அப்படிப் பிறந்ததுதான். பின்னர் நிலக்கிழார்களின் தரிசு நிலங்களிலும் ஓரிரவில் மூங்கிலும் ஓலையும் கொண்டு வீடுகள் எழுந்தன. 1950 முடிவதற்குள் 149 குடியிருப்புகள். அரசு அவற்றை வைத்த பெயர் 'ஜபர்தகல்' காலனிகள், அதாவது பலவந்தமாகக் கைப்பற்றியவை. 1951இல் மேற்கு வங்க அரசு வெளியேற்றச் சட்டம் கொண்டுவர, ஒருங்கிணைந்த மத்திய அகதிகள் குழு வீதியில் இறங்கியது. சட்டம் நிறைவேறியபோது அதன் பெயரிலேயே மறுவாழ்வு என்ற சொல் சேர்ந்திருந்தது. மாற்று இடம் தராமல் அகதிகளை அகற்ற முடியாது என்ற நிலையும் உருவாகியிருந்தது. பத்தாண்டுகள் பல கழிந்து அவர்களுக்குப் பட்டாவும் கிடைத்தது. பலவந்தக்காரர்கள் வாக்காளர்களானார்கள், குடிமக்களானார்கள், இன்று அவர்களின் தெருக்களில் மனை விலை கேட்டால் மயக்கம் வரும்.

ஈஜிபுரத்தில் நடந்தது என்ன?

பெங்களூருவின் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. கோரமங்களா அருகே ஈஜிபுரத்தில் நலிந்த பிரிவினருக்காக 1990களின் தொடக்கத்தில் 1,512 அரசு வீடுகள் கட்டப்பட்டன. ஏழைகளுக்குக் கட்டும் வீடுகளுக்கு எத்தகைய சிமெண்டு போதும் என்று ஒப்பந்தக்காரர்கள் நினைக்கிறார்களோ, அத்தகையதே அங்கும் பயன்பட்டது போலும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கின. மாநகராட்சி எஞ்சியவற்றையும் இடித்தது. குடியிருந்தோர் அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், கட்டடத் தொழிலாளர்கள். தமிழ் பேசும் தலித்துகள் அவர்களில் கணிசமானவர்கள். சுற்றிலும் இருந்த வசதியான குடியிருப்புகளில் காலையில் பெருக்கவும் பாத்திரம் துலக்கவும் சென்றவர்கள் இவர்களே.

இதற்கிடையே, தனியார் நிறுவனம் ஒன்றுடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்தது. சுமார் 15 ஏக்கர் நிலத்தில் ஒரு பாதியில் ஏழைகளுக்கு வீடு. மறுபாதியில் வணிக வளாகம். 2013 ஜனவரி 18ஆம் தேதி, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் பாதுகாப்புடன் புல்டோசர்கள் வந்தன. சில நாள்களில் அங்கிருந்த ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. தடுத்த சமூகச் செயல்பாட்டாளர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். மாநிலத்தில் அப்போது இருந்தது ஜெகதீஷ் ஷெட்டர் தலைமையிலான பாரதிய ஜனதா அரசு. அதே ஆண்டு மே மாதம் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. வெளியேற்றப்பட்டவர்களின் நிலை அதனால் மாறிவிடவில்லை.

அரசுத் தரப்பின் வாதம் கவனிக்கத்தக்கது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலானோர் அசல் ஒதுக்கீடு பெற்றவர்கள் அல்லர். வாடகைக்கு வந்தவர்கள், வாங்கியவர்கள், எனவே ஆக்கிரமிப்பாளர்கள் என்பதே அது. கட்டடம் இடிந்தது அவர்கள் குற்றமன்று. இருபது ஆண்டுகளில் ஒரு வீடு கைமாறுவது எந்த நகரிலும் இயல்பு. ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடி வீடு மூன்று முறை கைமாறினால் அது சந்தை. ஈஜிபுரத்தில் கைமாறினால் அது மோசடி. யாரிடம் அசல் காகிதம் இல்லையோ அவர் குடிமகன் அல்லர் என்பதாக ஒரு நகர நிர்வாகம் முடிவு செய்த நாள்கள் அவை.

வெளியேற்றப்பட்டோரில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த சாலையோரத்தில் மாதக்கணக்கில் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழ் வாழ்ந்தனர். சர்ஜாபூர் சாலைக்கு அப்பாலுள்ள சூலிகுண்டேயில் வீடு தருவதாகச் சொல்லப்பட்டது. காலை ஆறு மணிக்குக் கோரமங்களாவில் வேலைக்கு நிற்க வேண்டிய பெண்ணுக்கு அது வீடு அல்ல, நாடு கடத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாண்டு கடந்த 2023இலும் ஈஜிபுரத்தில் ஏழைகளின் வீடுகள் எழும்பவில்லை. மக்கள் வாழ்ந்த இடம் காலி மனையாகவே கிடந்தது.

தலைநகரின் பேய் வீடுகள்

ஏழைக்கென்று கட்டிய வீடு ஏழைக்குப் போய்ச் சேராத கதையில் தில்லிக்கு முதலிடம் தரலாம். ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தின் கீழ் பவானா, நரேலா, கோகா, பாப்ரோலா போன்ற புறநகர்களில் கட்டப்பட்ட பல்லாயிரம் வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளற்றுக் கிடந்தன. கதவுகளும் குழாய்களும் களவு போயின. சுவர்களில் செடி முளைத்தது. அவற்றைக் குடிசைவாசிகளுக்கே ஒதுக்குவதா, வாடகைக்கு விடுவதா என்று தில்லி அரசும் மத்திய அரசும் வழக்காடிக்கொண்டிருந்தபோது, யமுனைக் கரையிலும் ரயில் பாதையோரமும் குடிசைகள் இடிக்கப்பட்டுவந்தன.

2020இல் பொது முடக்கத்தின்போது புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய காட்சி நாட்டை உலுக்கியது. அந்த ஜூலையில் மத்திய அமைச்சரவை மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அரசுப் பணத்தில் கட்டப்பட்டுக் காலியாக உள்ள சுமார் 1.08 லட்சம் வீடுகளைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுவது நோக்கம். பின்னர் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில்களின்படி, அப்படி மாற்றப்பட்டவை 5,648 மட்டுமே. சண்டிகர், குஜராத், ராஜஸ்தான் போன்றவற்றின் பெயர்கள் பட்டியலில் உண்டு. தில்லியும் கர்நாடகமும் இல்லை.

தனியார் வீடுகளின் பூட்டுக்குக் காரணம் வேறு. நகரங்களில் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வாடகை சொற்பம். விலை ஏறும் என்ற நம்பிக்கையே லாபம். குடியேற்றினால் காலி செய்ய மாட்டார் என்ற அச்சம் உரிமையாளருக்கு. அந்த அச்சத்தின் விலைதான் ஸ்ரீராம்புரத்தின் பத்து மாத முன்பணம். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு இரண்டு மாத முன்பணமே உச்சவரம்பு என்கிறது. ஆனால் மாதிரிச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. காலி வீட்டுக்குக் கூடுதல் வரி விதிப்பது பற்றி வான்கூவர் போன்ற நகரங்கள் சிந்தித்துச் செய்தும் விட்டன. இங்கே எந்தப் பெரிய கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் அது முக்கிய இடம் பிடிக்கவில்லை.

2024 நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் புல்டோசர் நடவடிக்கைகளுக்குக் கடிவாளமிட்டது. 15 நாள் அறிவிப்பு கட்டாயம் என்றது. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. நகர ஏழைகளில் பலர் வாழ்வது அத்தகைய இடங்களில்தான். 2025 டிசம்பரில் பெங்களூரு எலஹங்கா அருகே கோகிலுவில் வீடுகள் இடிக்கப்பட்டு, கண்டனம் எல்லை தாண்டிக் கேரளத்திலிருந்தும் எழுந்தது. அதன் பிறகே, பையப்பனஹள்ளியில் அடுக்குமாடி வீடுகள் தருவதாகக் கர்நாடக அரசு அறிவித்தது. இடிப்பதற்கு முன் அந்த வீடுகள் நினைவுக்கு வராமல் போனது ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இல்லை.

காலி வீடுகள் பற்றி நாடு முழுவதற்குமான கணக்கு 2011க்குப் பின் வெளிவரவில்லை. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலிடும் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. 2011 படிவத்தில், சொந்த வீடா வாடகை வீடா என்ற கேள்வி குடியிருக்கும் குடும்பத்திடம் மட்டுமே கேட்கப்பட்டது. ஆளில்லாத வீட்டின் முன் நின்ற கணக்கெடுப்பாளர் 'காலி' என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். அது யாருடையது என்று எழுத அவருக்குக் கட்டம் இல்லை.