பிழைக்கு ஓர் உச்சவரம்பு

கணிதத்தில் ஒரு தோராயம் வந்தால் அதன் வாலில் ஒரு பிழை உறுப்பும் வரும். போகப்போக அது பூச்சியத்தை நெருங்கும் என்று எழுதியிருப்பார்கள். அங்கேயே நின்று ஒன்றைக் கேட்க வேண்டும்: எல்லா இடத்திலும் ஒரே வாக்குறுதியா, இடத்துக்கு இடம் வேறா? எல்லா இடத்துக்கும் ஒரே வாக்குறுதி செல்லுபடியானால்தான் அது சீரான பிழை.

எண்களில் பார்த்துவிடலாம். 0க்கும் 1க்கும் இடையே ஓர் எண்ணை எடுத்து அதன் அடுக்கை ஏற்றிக்கொண்டே போனால் விடை பூச்சியத்துக்கு இறங்கும். ஆகவே பூச்சியமே நம் தோராயம், மிஞ்சுவதெல்லாம் பிழை. பத்தாம் அடுக்கில் 0.5 தரும் பிழை 0.001கூட இல்லை. 0.9க்கு அது 0.349, 0.99க்கு 0.904, 0.999க்கு 0.990. சரி, அடுக்கை 1000 ஆக்குவோம். 0.9 இப்போது ஒன்றுமில்லாமல் போய்விடும். ஆனால் 0.9999 இன்னும் 0.905இல் நிற்கிறது. தனித்தனியே பார்த்தால் எந்த எண்ணின் பிழையும் கரைகிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு கேட்டாலோ, அது 1க்குக் கீழே இறங்க மறுக்கிறது.

எண்ணிலடங்காத பேரிடம் கடன் வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி சொல்கிறார், எல்லாரிடமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று வையுங்கள். அப்படியும் மொத்தக் கடனும் தீர்ந்த நாள் என்று ஒன்று வராமலே போகலாம்.

இதே கணக்கில் 0.9க்கு மேல் போவதில்லை என்று எல்லை கட்டினால் நிலைமை மாறிவிடும். 44ஆம் அடுக்கில் எந்த எண்ணானாலும் பிழை 0.01க்குள் அடங்கும். 0.2இல் பிழை அற்பம், 0.9இல் கூடுதல், ஆனாலும் இது சீரான பிழைதான். அளவு எங்கும் சமமாக இருக்க வேண்டியதில்லை, உச்சவரம்பு ஒன்றாக இருந்தால் போதும். எனவே பிழை சீரானது என்று யாராவது சொன்னால், எந்த எல்லைக்குள் என்றும் சொல்லியாக வேண்டும்.

பெரிய கணித மேதைகளையே இந்த வேறுபாடு தடுமாற வைத்திருக்கிறது. தொடர்ச்சியான சார்புகளின் முடிவில்லாத கூட்டல் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விடையை நெருங்கினால் அந்த விடையும் தொடர்ச்சியானதே என்று கோஷி 1821இல் எழுதினார். ஆபெல் 1826இல் ஒரு சைன் தொடரைக் காட்டி அது பொய்க்கும் இடத்தைச் சொன்னார்: உறுப்புகள் எல்லாம் தொடர்ச்சியானவை, கூட்டுத்தொகையோ ஓரிடத்தில் துள்ளுகிறது. அந்த இடத்தை ஒட்டிப் பிழை சீராக இல்லை என்பதே காரணம். கோஷி 1853இல் தன் கூற்றைத் திருத்தினார். பிழை சீராகக் கரைவதைக் குறிக்கும் ‘சீரான ஒருங்கல்’ என்ற கருத்தைப் பகுப்பாய்வின் நடுவில் நிலைநிறுத்தியவர் வையர்ஸ்ட்ராஸ்.

புள்ளியியலில் இதன் விளைவு நேராக நம் மேல் விழுகிறது. பழுதான பொருள்களின் விகிதத்தை மதிப்பிடப் பாடநூல் தரும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, இயல்நிலைப் பரவலை நம்பிக் கட்டியது. விகிதம் நிலையாக இருந்து மாதிரி பெருகினால் அது சரியாகிக்கொண்டே வரும். ஆனால் உண்மை விகிதம் ஆயிரத்தில் ஒன்று, சோதித்ததும் 1000 என்றால்? ஒரு பழுதும் கண்ணில் படாமல் போக 37 சதவீத வாய்ப்பு. அப்படி நேர்ந்தால் இடைவெளி சுருங்கிப் பூச்சியம் என்ற ஒற்றைப் புள்ளியாகி, உண்மையைத் தவறவிடும். மாதிரியைப் பத்து லட்சமாக்கினாலும், விகிதம் பத்து லட்சத்தில் ஒன்றானால் அதே 37 சதவீதம். ‘மாதிரி போதிய அளவு பெரிதானால்’ என்ற வரி எவ்வளவு பெரிது என்று சொல்வதில்லை. அந்த அளவு, நமக்குத் தெரியாத விகிதத்தையே சார்ந்திருக்கிறது. அரிய நோய்களைப் பற்றிய முடிவுகளில் இதைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து என்றே நினைக்கிறேன்.

சீரான வாக்குறுதி கிடைக்கும் இடங்களும் உண்டு. தரவிலிருந்து வரையும் திரள் பரவல் வளைவுக்கும் (ஒவ்வோர் எண்வரை எத்தனை பங்கு வருகிறது என்று காட்டுவது) உண்மையான வளைவுக்கும் உள்ள மிகப் பெரிய இடைவெளியே, மாதிரி பெருகப் பெருகப் பூச்சியத்தை நெருங்கும் என்று கிளிவென்கோவும் காண்டெல்லியும் 1933இல் காட்டினார்கள். துவொரெட்ஸ்கி, கீஃபர், வுல்ஃபோவிட்ஸ் மூவரும் 1956இல் அதற்கு ஓர் உச்சவரம்பு தந்தார்கள். அதன் மாறிலியை மஸ்ஸார் 1990இல் துல்லியமாக்கினார். ஒன்றையொன்று சாராத 1000 அளவீடுகள் இருந்தால், பரவல் எதுவானாலும், வளைவு முழுவதும் பிழை 0.043க்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் கேட்டிருந்தால், மிக மோசமான நிலையிலும் சுமார் 0.031 போதும். இடையில் உள்ள 0.012, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒருசேர உறுதி கேட்பதற்கு நாம் கொடுக்கும் விலை.