கை மரத்துப்போவது ஏன்?

கையைத் தலைக்கு அண்டக்கொடுத்து உறங்கிய விடுதி நண்பர், விடியலில் விரல்களை உதறிக்கொண்டே, "இரத்த ஓட்டம் நின்றுவிட்டது" என்பார். ஆனால் இங்கே முதன்மையாகத் துன்புறுவது நரம்பு. அழுத்தத்தினால் அது செய்தி அனுப்ப இயலாது போகிறது, கை மரத்துவிடுகிறது. அழுத்தம் நீங்கியதும் தாறுமாறாகச் செய்தி அனுப்புகிறது. எறும்பு ஊர்வது போலத் தோன்றுகிறது. சில நிமிடங்களில் சரியாகிவிடும், அஞ்ச வேண்டியதில்லை.

அடிக்கடி நேர்ந்தால், எந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்தால், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், முழங்கையின் பின்புறம் ஓடும் நரம்பை ஐயுறலாம். இரு பாதங்களிலும் தொடங்கிப் பின் கைகளுக்கு வந்தால் நீரிழிவோ, பி12 வைட்டமின் குறைவோ காரணமாகலாம். திடீரென ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இனி, என் ஊராகிய காந்தலூர்ச் செய்தி ஒன்று. பூண்டு பயிரிடும் என் பெரியப்பாவுக்குச் சுண்டுவிரல் மரத்தது. "மலைக்குளிர்தானே!" என்று இருந்துவிட்டார். ஒருநாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினார். விரல் கொப்புளித்தது, வலிக்கவில்லை. முதுகில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்றும் இருந்தது. தொழுநோய் என்றார் மருத்துவர்.

அந்தப் பெயருக்கு அஞ்சி வீட்டார் வாயடைத்துப் போயினர். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிரும் என்பதே அவர்கள் கேட்டிருந்த கதை. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு அதனை ஆராய்ந்து மறுத்தார். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி அறியாத விரல் சுட்டும் வெட்டுண்டும் மேன்மேலும் புண்ணாகித் தேய்கிறது என்று அவர் காட்டினார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தியும் தந்தார்.

உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் தீரும். அரசு அதனை இலவசமாகவே அளிக்கிறது. பெரியப்பா குணமடைந்துவிட்டார். ஆனால் நாள் கடந்து சென்றதால் சுண்டுவிரலுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. இன்று துணி சுற்றாமல் அவர் சட்டியைத் தொடுவதில்லை.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களின் கைகளைப் பாருங்கள். வலிக்காத புண்ணோ, உணர்ச்சியற்ற தேமலோ இருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.