சைவப் பலகையும் சாப்பிடுகிறவரின் உரிமையும்: விருத்தாசலத்துக்கு ஒரு வழிகாட்டி

விருத்தாசலம் வந்துபோகிறவர்களின் ஊர். சென்னை–திருச்சி ரயில் பாதையில் இருக்கும் இந்த ஜங்ஷனிலிருந்து சேலத்துக்கும் கடலூருக்கும் தனித்தனிப் பாதைகள் பிரிகின்றன. மாசி மகத்துக்குப் பழமலைநாதரைத் தரிசிக்கவும், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டவும் பக்தர்கள் வருகிறார்கள். செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் மொத்தமாக எடுக்க வியாபாரிகள் வருகிறார்கள். கலைக் கல்லூரிக்கும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் வெளியூர் மாணவர்கள் வருகிறார்கள்.

இவர்களில் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். மாலை போட்டவர்கள், வெள்ளி செவ்வாயில் விரதம் இருப்பவர்கள், பரம்பரையாகப் புலால் தொடாதவர்கள் உண்டு. நெய்வேலியைத் தாண்டினால் வடலூர். 1867-இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அங்கே எரிகிறது. கொல்லாமையை வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதிகம். பாலும் நெய்யும்கூட வேண்டாம் என்னும் வீகன் இளைஞர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள்.

ஜங்ஷன் ரோட்டிலோ கடைவீதியிலோ ‘சைவம்’ என்ற எழுத்தை நம்பித்தான் இவர்கள் உள்ளே போகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சாப்பிடும் முன் கேட்பவருக்கும், சாப்பிட்ட பின் பில்லைப் பத்திரப்படுத்துகிறவருக்கும்தான் அது கைகொடுக்கும்.

சட்டப்படி எது சைவம்?

நம் உணவுக்கான அடிப்படைச் சட்டம் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். இதன் கீழ் உள்ள விதிகளின்படி இறைச்சி, மீன், முட்டை, விலங்கிலிருந்து கிடைக்கும் எந்தப் பொருளும் ஒரு பண்டத்தில் சிறிதளவு இருந்தாலும் அது அசைவம். பால், பால் பொருள்கள், தேன் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே முட்டை சேர்த்த கேக் அசைவம், நெய் ஊற்றிய பொங்கல் சைவம். முட்டையைச் சைவமாக நினைக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கலாம். கடைக்காரர் அப்படிச் சொல்ல விதியில் இடமில்லை.

பாக்கெட் உணவில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. நிறக்குருடு உள்ளவர்கள் இரண்டையும் பிரித்தறிய முடியாமல் தடுமாறியதால், 2020-இல் வந்த லேபிள் விதிகள் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின.

வீகன் உணவுக்கு 2022-இல் தனி விதிகளே வந்தன. பால், தேன் உட்பட விலங்கு சார்ந்த மூலப்பொருள் எதுவும் இருக்கக்கூடாது. தயாரிப்பின் நடுவே பயன்படும் துணைப்பொருளும் அப்படியே. அதற்கான முத்திரை, பச்சைச் சதுரத்துக்குள் இலை முளைத்த ஆங்கில ‘வி’ எழுத்து. பச்சை வட்டத்தைப் பார்த்து வீகன் என்று முடிவு செய்துவிடக்கூடாது. பால் பவுடர் சேர்த்த பிஸ்கட்டிலும் அதே வட்டம்தான் இருக்கும்.

கலப்பு நடக்கும் இடங்கள்

தட்டில் வரும் சமைத்த உணவில் எந்த முத்திரையும் இருக்காது. பெரிய சங்கிலி உணவகங்களின் மெனு அட்டையில் குறி போட்டிருப்பார்கள். சிறு மெஸ்ஸில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியதுதான் மெனு. எங்கே கவனம் தேவை என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

முதல் இடம் எண்ணெய்ச் சட்டி. மாலை நேரத் தள்ளுவண்டிகளில் காலிஃப்ளவர் சில்லியும் சிக்கன் பக்கோடாவும் அடுத்தடுத்து ஒரே எண்ணெயில் விழுகின்றன. இரண்டாவது, ஃப்ரைடு ரைஸ் கடையின் கடாய். முட்டை ரைஸ் கிண்டிய கையோடு அதே கடாயில், அதே கரண்டியால் வெஜ் ரைஸ் தயாராகும். மூன்றாவது பரோட்டா. சில கடைகளில் மாவு பிசையும்போதே முட்டையும் பாலும் சேர்ப்பதுண்டு; சால்னா எந்தச் சட்டியிலிருந்து வருகிறது என்பது தனிக் கேள்வி. நான்காவது பேக்கரி. வெஜ் பப்ஸின் மேல் மினுமினுப்புக்காக முட்டை தடவும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

ஐந்தாவது கண்ணுக்கே தெரியாதது. ஜெல்லி மிட்டாய்களில் வரும் ஜெலட்டின் பொதுவாக விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. 120 என்ற எண்ணுள்ள சிவப்பு நிறமி பூச்சியிலிருந்து வருகிறது. சுவைகூட்டியான 631, தாவரத்திலிருந்தும் கிடைக்கும், மீன் அல்லது இறைச்சியிலிருந்தும் கிடைக்கும். எண்ணை மட்டும் போட்டால் வாங்குகிறவருக்கு என்ன புரியும் என்ற கேள்வி தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஒவ்வொரு மூலப்பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா என்று வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என 2021 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. தான் உண்பது என்ன என்று அறிவது குடிமகனின் அடிப்படை உரிமையோடு சேர்ந்தது என்பதே அந்த உத்தரவின் சாரம்.

வீகன்களுக்கு இந்த ஊரில் என்ன கிடைக்கும்?

விருத்தாசலத்தில் ‘வீகன்’ என்று போர்டு தேடி அலைய வேண்டியதில்லை. நம் டிபன் கடையின் பெரும்பகுதி உணவு இயல்பாகவே பால் சேராதது. இட்லி, எண்ணெய் ஊற்றிச் சுட்ட தோசை, இடியாப்பம், பூரி கிழங்கு, தேங்காய்ச் சட்னி, மெதுவடை ஆகியவற்றை அந்தக் கடையின் செய்முறையை ஒருமுறை கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். மதியச் சாப்பாட்டில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பொரியல், கூட்டு வரை சிக்கல் குறைவு. பருப்பின் மேல் நெய், மோர், தயிர், பாயசம் இவற்றைப் பரிமாறும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. வெண்பொங்கலில் நெய் இருக்கும். ரவா தோசையில் சில கடைகளில் மோர் சேர்ப்பார்கள். குருமாவில் தயிர் சேரலாம். டீக்கடையில் வரக்காப்பி, சுக்குக்காப்பி, லெமன் டீ கேட்டால் போட்டுத் தருவார்கள்.

‘வீகன்’ என்று சொன்னால் எல்லாக் கடையிலும் புரியாது. ‘அண்ணே, பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெயில் சுட்டுக் கொடுங்க’ என்று பெயர் பெயராகச் சொன்னால் மாஸ்டருக்கு உடனே விளங்கும். எது நெய்யில், எது எண்ணெயில், எது வனஸ்பதியில் சமைத்தது என்று தனித்தனிப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்பது ஹோட்டல்களுக்கான உரிம விதிகளிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

இந்த மண் வேர்க்கடலைக்கும் முந்திரிக்கும் பேர்போனது. இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இரண்டிலும் புதிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. கடலையையும் முந்திரியையும் ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துக் காப்பி போட, மூலப்பொருள் வாசலிலேயே விளைகிறது. கடை வைக்க நினைக்கும் இளைஞர்கள் இதை யோசிக்கலாம்.

கூடவே இரண்டு எச்சரிக்கைகள். வேர்க்கடலை, முந்திரி, பால் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். சைவக் குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றுவது சகஜம் என்பதால், ஒவ்வாமை உள்ளவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அடுத்து, பாலையும் முழுதாக விட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது அவசியம்.

உட்காரும் முன் பார்க்க வேண்டியவை

- உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? அதில் 14 இலக்க எண் இருக்கும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் இந்த எண் அச்சாக வேண்டும்.
- சைவம், அசைவம் இரண்டும் உள்ள கடையா? அப்படியானால் பச்சைப் பொருளானாலும் சமைத்த உணவானாலும் சைவமும் அசைவமும் தனித்தனியே வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ‘சைவத்துக்குத் தனி எண்ணெய், தனி கடாய் இருக்கிறதா?’ என்று நேராகக் கேளுங்கள்.
- பேக்கரியில் ‘முட்டை சேர்த்ததா?’ என்று கேளுங்கள். பாக்கெட்டாக இருந்தால் குறியைப் பாருங்கள்.
- போனில் ஆர்டர் செய்தால், பதார்த்தத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆர்டர் விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
- எவ்வளவு சிறிய தொகையானாலும் பில் கேளுங்கள். நீங்கள் கேட்ட பதார்த்தத்தின் பெயர்தான் அதில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

கடைசிக் குறிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு மும்பையில் நடந்த வழக்கு ஒன்று பாடம். சைவம் கேட்டும் அசைவம் கொடுத்ததாக இருவர் நஷ்டஈடு கேட்டார்கள். பில்லில் அவர்கள் ஆர்டர் அசைவம் என்றே பதிவாகியிருந்தது. சைவத்தில் அவ்வளவு உறுதியானவர்கள் இரண்டும் விற்கும் கடைக்கு ஏன் போனீர்கள் என்றும் நுகர்வோர் ஆணையம் கேட்டது. 2025-இல் புகார் தள்ளுபடியானது.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது?

கொளஞ்சியப்பருக்குத் தாளில் பிராது எழுதிக் கட்டும்போது யார், என்ன, எப்போது என்று விவரமாக எழுதும் பழக்கம் நம் மக்களுக்கு உண்டு. அதே தெளிவு அரசுக்கு எழுதும் புகாருக்கும் வேண்டும்.

முதலில், சாப்பிடுவதை நிறுத்துங்கள். தட்டு, பாக்கெட், பெயர்ப் பலகை, பில் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கல்லாவில் இருப்பவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். கவனக்குறைவாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே மன்னிப்பும் பணமும் கிடைத்துவிடும்.

தீராவிட்டால், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணான 94440 42322-க்குக் கடையின் பெயர், இடம், தேதி, நேரம், போட்டோ, பில் ஆகியவற்றோடு புகார் அனுப்புங்கள். மாவட்ட அளவில் கடலூரில் உள்ள நியமன அலுவலருக்கும் எழுதலாம். பாக்கெட்டில் பொய்யான குறி போட்டிருந்தால் அது தவறான முத்திரையிட்ட உணவு; அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை. சைவம் என்று பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் வரை.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. அதிகாரி வரும்வரை காத்திராமல், வாங்கிய உணவை நீங்களே அரசு பகுப்பாய்வாளரிடம் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். சேலம், தஞ்சாவூர், சென்னை உள்ளிட்ட ஊர்களில் இதற்கான ஆய்வகங்கள் உள்ளன. வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. முடிவு விதிமீறலைக் காட்டினால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.

நஷ்டஈடு வேண்டுமானால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். சமரசமாக முடிய வாய்ப்புண்டு. முடியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊர் அல்லது வேலை செய்யும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆகவே வெளியூர்க்காரர் விருத்தாசலத்தில் நடந்ததற்குக் கடலூருக்கு அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே வீடியோ எடுத்துச் சமூக ஊடகத்தில் கடையின் பெயரைப் போட்டுவிடுவது நியாயமல்ல. காளான் துண்டை இறைச்சி என்று தவறாக நினைத்தால்கூட ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். முதலில் முறையான புகார், பிறகு ஆய்வு முடிவு. அதற்கப்புறம் ஊருக்குச் சொல்லலாம்.

உணவைக் கேளுங்கள், ஆளைக் கேட்காதீர்கள்

சைவம் பற்றிய கேள்வி, சமைத்தவர் யார், பரிமாறுகிறவர் என்ன சாதி, கடைக்காரர் என்ன மதம் என்று நழுவிவிடக்கூடாது. ஹோட்டல் பலகையில் சாதிப் பெயர் எழுதியதை எதிர்த்து 1957-இல் பெரியார் சென்னையில் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்த மாநிலம் இது. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு, ஹோட்டலுக்குள் நுழைய சாதி, மதம் தடையாகக்கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வட மாநிலங்களில் சிவ பக்தர்களின் கன்வார் யாத்திரைப் பாதையில் உள்ள கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்ற உத்தரவுக்கு உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு விற்கிறோம் என்று எழுதச் சொல்லலாம், பெயரை எழுதும்படி வற்புறுத்தக்கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. நமக்குத் தேவையான எல்லைக்கோடும் அதுதான். தட்டில் இருப்பதைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனியாக ஒரு கடாய், தனியாக ஒரு கரண்டி, எதில் நெய், எதில் முட்டை என்று எழுதிய சிறு பலகை: இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். அதைச் செய்கிற கடையைத் திருவிழாக் கூட்டம் தானே தேடி வரும்.

வாடிக்கையாளர்களும் கூச்சத்தை விட வேண்டும். ‘இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் மாஸ்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கித்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பத்துப் பேர் கேட்டால் கடை பதில் சொல்லப் பழகிக்கொள்ளும். பிறகு பதிலைப் பலகையிலேயே எழுதி வைக்கும். அடுத்த முறை எந்த ஊரில் சாப்பிட உட்கார்ந்தாலும் கேளுங்கள், பில்லை வாங்கிப் பையில் வையுங்கள்.