ஏழு லீற்றருக்கு ஒரு லீற்றர்

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்குத் திருகோணமலை வரும் உறவுகளின் பயணப்பெட்டியில் சொக்கிலேட்டுக்கு அடுத்தபடியாக அடிக்கடி தென்படுவது மேப்பிள் இலை வடிவப் போத்தலில் அடைத்த பாணி. வீட்டுக்காரர் அதை மூதூர்த் தயிரில் ஊற்றி ஒரு கரண்டி வாயில் வைப்பார். "இது எங்கட பனம்பாணி மாதிரித்தானே இருக்கு" என்பார். கொண்டுவந்தவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கும். உண்மையில் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. காய்ச்சும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான். காய்ச்சப்படும் நீர்தான் வேறு.

கனடாவில் குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிப் பகலில் மேலே ஏறும் சில வாரங்களில், மேப்பிள் மரத்தில் சிறு துளை போடுகிறார்கள். இரவில் குளிரும்போது மர நார்களுக்குள் இருக்கும் வாயு சுருங்கும், மரம் கீழிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். பகலில் பனி இளக, வாயு விரிந்து நீரைத் தள்ளும். துளை வழியே அது சொட்டுகிறது. இது மரத்தில் நீரைக் கடத்தும் காழில் ஓடும் நீர். முந்திய கோடையில் மரம் மாப்பொருளாகச் சேர்த்துவைத்ததில் கொஞ்சம் சீனியாக மாறி இந்த நீரில் கரைந்திருக்கிறது. அளவு ஏறத்தாழ 2 வீதம். குடித்தால் இனிப்பு என்று சொல்லவே தயக்கமாக இருக்கும்.

பனையில் நடப்பது வேறு. இலைகள் சமைத்த சீனி, பூக்கவும் காய்க்கவும் பாளையை நோக்கி, சீனியைக் கடத்தும் உரியத்தின் வழியே அழுத்தத்தோடு போகிறது. சீவல் தொழிலாளி பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, அந்தச் சரக்கை வழியிலேயே மறித்து முட்டிக்குள் விடுகிறார். வெட்டுவாயைச் சில மணி நேரத்தில் மரமே அடைத்துக்கொள்ளும் என்பதால்தான் காலையும் மாலையும் ஏறி மெல்லிய சீவலாகப் புதுவாய் திறக்க வேண்டியிருக்கிறது. காழ்நீர் அல்ல, உரியநீர் என்பதால் சீனி 10 முதல் 14 வீதம் வரை இருக்கும். கிட்டத்தட்ட எல்லாமே சுக்குரோசு, கரும்பில் இருக்கும் அதே சீனி.

மேப்பிள் காய்ச்சுவோரிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நீரிலுள்ள சீனியின் வீதத்தால் 86ஐ வகுத்தால், ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் நீர் வேண்டும் என்று தெரியும். மேப்பிளுக்கு 43 லீற்றர். 12 வீதச் சீனியுள்ள பனையின் பாளை நீருக்கு, அதாவது கருப்பநீருக்கு, 7 லீற்றர்தான்! சம்பூரிலும் நிலாவெளியிலும் மணலில் நிற்கிற பனை, கியூபெக் காட்டு மேப்பிளைவிட ஆறு மடங்கு செறிவான நீரைத் தருகிறது.

அப்படியானால் கொழும்புச் சுப்பர்மார்க்கெற் அலுமாரியில் மேப்பிள் பாணி இருக்கையில் திருகோணமலைப் பனம்பாணி ஏன் இல்லை? விறகு காரணமல்ல. காரணம் நேரமும் ஏணியும் என்பேன்.

நேரத்தை முதலில் பார்ப்போம். மேப்பிள் நீர் வாளியில் விழும்போதே குளிர்ந்திருக்கும். சுற்றிலும் பனிக்கட்டி, ஓரிரு நாள் வைத்தும் காய்ச்சலாம். வடஅமெரிக்கப் பூர்வகுடிகள் இரவில் உறைந்த மேற்பனியை எடுத்து வீசிவிட்டு, மிஞ்சிய செறிந்த நீரை மட்டும் காய்ச்சினார்கள். இங்கே நிழலில் 30 பாகை. மரத்தின் உச்சியிலேயே மதுவமும் சைமோமொனாஸ் என்னும் பற்றீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் கட்டிய முட்டி மாலையில் கள்ளாக இறங்கும். கள்ளுக்கு அது சிறப்பு. பாணிக்கோ, போன சீனி திரும்பாது.

இதற்கு நம் முன்னோர் கண்ட மருந்து சுண்ணாம்பு. முட்டியின் உட்புறத்தில் பூசிவிட்டால் சொட்டுகிற நீர் உடனே காரமாகிவிடுகிறது. பி.எச். பெறுமானம் 10க்கு மேல் போனால் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. அமிலத்தன்மை ஏறினால் சுக்குரோசு குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையும். அப்படி உடைந்த நீரிலிருந்து பனங்கட்டி இறுகாது, குட்டானுக்குள் ஊற்றினால் குழைந்துபோகும். சுண்ணாம்பு அதையும் தடுக்கிறது. குறைந்தால் புளிப்பு, கூடினால் கசப்பும் கருநிறமும். தென்னிலங்கையில் கித்துள் சீவுவோர் சுண்ணாம்புக்குப் பதிலாக ஹல் மரப்பட்டைத் துண்டைப் போடுகிறார்கள். பட்டையின் துவர்ப்பு நொதித்தலைத் தாமதப்படுத்தும், ஆனால் நிறுத்தாது. அதனால் அங்கே அடுப்பு மரத்தடிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

வீட்டில் பாணி காய்ச்ச ஆசைப்படுகிறவர் தாச்சிக்கும் வெப்பமானிக்கும் அலைவதற்கு முன் முட்டியைக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். முட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்துப் புதுச் சுண்ணாம்பு பூசுவது, இறக்கியதும் பன்னாடையிலோ துணியிலோ வடிப்பது, ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றுவது. இவை பிழைத்தால் பிறகு எந்த உபகரணமும் காப்பாற்றாது.

ஏணி என்றது ஏறும் ஆளை. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகள் 2015, 2016இல் கட்டங்கட்டமாகத் திரும்பக் கிடைத்தன. பத்து வருடம் சீவாததால் பனை கெட்டுவிடாது, அடுத்த பருவமே பாளை தள்ளும். தளநாரைக் காலில் மாட்டி ஏறப் பழகிய கால்களைத்தான் அப்படி எளிதில் பெற முடியாது. அதோடு சீவல் தொழிலைச் சாதியோடு முடிச்சுப்போட்டு இழிவாகப் பேசிய சமூகத்தில், அந்தத் தொழிலாளியின் பிள்ளை வேறு வேலை தேடிப்போனால் யாரைக் குறை சொல்வது? பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருக்கிறது, கைதடியில் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. பாணிக்கான நல்ல விலை மரம் ஏறுகிறவர் கைக்குப் போகாதவரை எந்த ஆராய்ச்சியும் மரத்தின் அடியிலேயே நின்றுவிடும். பாணி காய்ச்சும் ஆசையில் நீங்களே ஏறிப் பார்க்க வேண்டாம். வளவில் குட்டைத் தென்னை இருந்தால் அதன் பாளை நீரும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான். பனைதான் வேண்டுமென்றால் சீவுகிறவரோடு பேசிக் கருப்பநீரை விலைக்கு வாங்குங்கள்.

இனி அடுப்பு. ஏழு லீற்றரில் ஆறு கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 2.26 மெகாயூல் மறைவெப்பம் தேவை. கொதிக்கும்வரை சூடேற்றுவதையும் சேர்த்தால் மொத்தம் 15.5 மெகாயூல் அளவு. ஒரு கிலோ உலர்விறகு தருவதும் அவ்வளவுதான். ஆனால் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கே தாச்சிக்குள் போகிறது, மிச்சம் கச்சான் காற்றோடு கடலுக்கு. ஆக ஒரு லீற்றர் பாணிக்குப் பத்துக் கிலோ விறகு. பக்கம் மூடி, அடியில் காற்று நுழைய இடம் விட்டு, பின்னால் புகைபோக்கி வைத்தால் நாலு கிலோவில் முடிக்கலாம். கனடாவில் பழைய இரும்பு அலுமாரியைப் படுக்கவைத்தும் பரலைப் பிளந்தும் வீட்டு அடுப்பு செய்கிறார்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் மாவட்டத்தில் பரல் தேடிக் கஷ்டப்படத் தேவையில்லை. நெருப்பு வைக்க மட்டும் பரல், அதற்குள் ஒருபோதும் கருப்பநீரை ஊற்றக்கூடாது. சீமெந்துக் கல்லைச் சுவராக அடுக்கினால் உட்பக்கம் செங்கல் வையுங்கள், இல்லையேல் சூட்டில் வெடிக்கும்.

அகன்ற வாயிருந்தால் வேகமாக வற்றும் என்பார்கள். கொதிக்கத் தொடங்கியபின் வேகத்தைத் தீர்மானிப்பது வாயல்ல, நெருப்புப்படும் அடி. ஆகவே தட்டையான அடியுள்ள ஆழமற்ற பாத்திரம் நல்லது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹொட்டேல்கள் கழித்துவிடும் எவர்சில்வர் பஃபே தட்டுகள் இதற்கென்றே செய்தவைபோல் இருக்கும். கனடாக்காரரும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். அலுமினியம் வேண்டாம், சுண்ணாம்பு கலந்த நீர் அதை அரிக்கும். நாகமுலாம் பூசிய வாளியும் ஈயம் வைத்துப் பற்றவைத்த பாத்திரமும் வேண்டவே வேண்டாம்.

கொதி தொடங்கியதும் அழுக்கு நுரையாக மேலே வரும், அகப்பையால் எடுத்துவிடலாம். பொங்கி வழியப் பார்த்தால் ஒரு துளி தேங்காயெண்ணெய் போதும். தமிழ்நாட்டில் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார்கள், கனடாவில் துளி வெண்ணெய். நுரைக்குமிழின் தோலைக் கொழுப்பு உடைக்கிறது, மூன்று இடத்திலும் ஒரே வேதியியல். ஆறவைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்ததை இறுத்தெடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். சுண்ணாம்பை முறிக்க உரக்கடைச் சுப்பர் பொஸ்பேற் போடும் வழக்கம் தமிழகத்தில் சிலரிடம் உண்டு. உரத்தோடு கட்மியம் போன்றவையும் வரக்கூடும் என்பதால் வீட்டுக்கு அது ஆகாது. படியவிட்டு இறுத்தெடுக்கும் பொறுமையே போதும்.

பதம் பார்ப்பதில் துறைமுகத்துக்காரருக்கு ஒரு வசதி. கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. சீனி செறியச் செறியக் கொதிநிலை ஏறும். 66 வீதச் சீனி உள்ள பாணி நீரைவிட நாலு பாகை கூடக் கொதிக்கும். எனவே வெப்பமானி 104 காட்டினால் இறக்கிவிடலாம். நுவரெலியாவில் நீரே 94 பாகையளவில் கொதித்துவிடுவதால் அங்குள்ளவர் 98இல் இறக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர் அகப்பையைச் சரித்துப் பார்க்கட்டும். சொட்டுச் சொட்டாக விழாமல் துளிகள் ஒன்றுசேர்ந்து ஏடாக வழிந்தால் பதம் வந்துவிட்டது. அதையும் தாண்டி 115 பாகைக்கு மேல் கொண்டுபோய்க் கிண்டினால் பனங்கட்டி. கடைசி அரை மணியில் சிறு தாச்சிக்கு மாற்றித் தீயைக் குறையுங்கள். அந்த நேரத்தில்தான் கருகும், நிறமும் மணமும் கூடுவதும் அப்போதுதான். சீனியும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகும் மெயிலாட் தாக்கம் காரநீரில் விரைவாக நடக்கும். பனம்பாணி மேப்பிளைவிடக் கருத்திருப்பது அதனால்தான். கறுப்பைப் பார்த்து ஏமாறவும் கூடாது. வெள்ளைச் சீனியைக் கரித்துச் செய்த பாணியும் அதே நிறத்தில் கடைகளில் கிடைக்கிறது. அதில் இனிப்பு மட்டும் இருக்கும், பனையின் மணம் இராது.

82 பாகைக்குக் குறையாத சூட்டில், காய்ந்த கண்ணாடிப் போத்தலில் நிரப்பி உடனே மூடுங்கள். சில கிழமை கழித்து மேலே பூஞ்சணம் படர்ந்தால் நீர் மிஞ்சிவிட்டது என்று பொருள், அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் வற்றட்டும். அடியில் கற்கண்டு விளைந்தால் அளவுக்கு மேல் வற்றியிருக்கிறது. அதைக் கொட்ட வேண்டாம். பனாட்டு இருந்தால் சிறு துண்டுகளாக வெட்டி அந்தப் பாணியில் ஊறப்போடுங்கள்.