மின்புலத்தை அளக்கும் அலகுகள்



ஐப்பசித் திங்களில் வேளிமலைமேல் கருமுகில் திரண்டு இடி முழங்குமாயின், கும்பப்பூ நடவில் இருக்கும் நாஞ்சில் நாட்டு உழவர் நாற்றை வைத்துவிட்டுக் கரையேறுவர். பரந்த வயலில் நிற்கும் மனிதனே அங்கு உயர்ந்த பொருள் என்பதை அவர் அறிவர். அவ்வாறு அஞ்சத்தக்க மின்னலுக்கு மூலமாக இருப்பது மின்புலம். அதனை அளக்கும் அலகுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

ஓரிடத்தில் ஒரு கூலும் மின்னூட்டத்தை வைத்தால் அதன்மேல் எத்தனை நியூட்டன் விசை செயற்படுமோ, அதுவே அவ்விடத்து மின்புலச் செறிவு. ஆகவே அதன் அலகு, கூலும் ஒன்றுக்கு நியூட்டன். மீட்டர் ஒன்றுக்கு வோல்ட் என்றும் அதனைக் கூறுவதுண்டு. இரண்டும் ஒன்றே. வோல்ட் என்பது கூலும் ஒன்றுக்கு ஒரு ஜூல். ஜூல் என்பது நியூட்டனும் மீட்டரும் பெருகியது. அதனை மீட்டரால் வகுத்துப் பாருங்கள். கூலும் ஒன்றுக்கு நியூட்டன் என்பதே எஞ்சும்.

இடர்ப்பாடு தொடங்குவது சென்டிமீட்டரில். சென்டிமீட்டரை மீட்டராக்க 100-ஆல் வகுத்துப் பழகிய மாணவன், சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்பதையும் 100-ஆல் வகுத்துவிடுகின்றான். என் ஆசிரிய வாழ்வில் இப்பிழையைத் திருத்திச் செலவழித்த சிவப்பு மைக்குக் கணக்கில்லை. தோவாளையில் ஒரு சென்டிமீட்டர் பூச்சரம் ஒரு ரூபாய் என்று கொள்வோம். ஒரு மீட்டர்ச் சரம் நூறு ரூபாயன்றோ? நீளம் இங்கே கீழே, வகுக்கும் இடத்தில் நிற்கின்றது. ஆதலின் பெருக்கவே வேண்டும். சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட், மீட்டருக்கு 100 வோல்ட்.

தெளிந்த வானத்தின்கீழ்த் தரையருகே இருக்கும் இயற்கை மின்புலமும் ஏறத்தாழ இந்த அளவினதே. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவன ஆய்வகத்தார் இதனை அளந்து ஆராய்ந்துள்ளனர். அங்ஙனமாயின் நடந்து செல்லும் நமக்கு ஏன் அதிர்ச்சி தாக்கவில்லை என்பீர்கள். நம் உடல் மின்கடத்தி. அதனால் தலைக்கும் காலுக்கும் இடையே அழுத்த வேறுபாடு நிலைப்பதில்லை. காற்றின் வழியே வரும் மின்னோட்டமும் மிகமிகச் சிறிது.

இனி, முகிலுக்குள் செல்வோம். தரைமட்டக் காற்று தன் காப்புத்தன்மையை இழக்கச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோவோல்ட் வேண்டும் என்று பாடநூல் கூறும். பலூன்களில் கருவிகளை அனுப்பி இடிமுகிலுக்குள் அளந்தவர்களோ, மீட்டருக்குச் சில நூறு கிலோவோல்ட்டுக்குமேல் காண்பது அரிது என்கின்றனர். 30 எங்கே, 300 எங்கே என்று எண்ணி, மின்னலுக்கு வேண்டியதினும் பன்மடங்கு மிகுதியாகவே புலம் இருக்கின்றது என மாணவன் முடிவு செய்துவிடுவான். மாற்றிப் பார்த்தால் உண்மை தலைகீழாக நிற்கும். மீட்டருக்கு 300 கிலோவோல்ட் என்பது சென்டிமீட்டருக்கு 3 கிலோவோல்ட். வேண்டியதில் பத்தில் ஒரு பங்கே! உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் அவ்வரம்பும் குறையும். ஆயினும் இடைவெளி முற்றும் நிரம்புவதில்லை. நீர்த்துளி, பனித்துகள் ஆகியவற்றின் முனைகளில் புலம் செறிவதாலோ, விண்ணிலிருந்து வரும் கதிர்களின் துணையாலோ மின்னல் தொடங்கலாம் என்பர். அறிஞர் இன்னும் ஆராய்ந்துவரும் இப்புதிர், அலகை மாற்றத் தெரியாதவன் கண்ணுக்குப் புலப்படுவதேயில்லை.

பழைய நூல்கள் சிலவற்றில் நிலைமின் அலகு என்று ஒன்று காணப்படும். அவ்வலகு ஒன்று, மீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட். அக்கணக்கில் காற்றின் வரம்பு 100 அலகு.

வானொலிப் பொறியாளர் வழக்கு வேறு. 1984-இல் தொடங்கிய நாகர்கோவில் நிலையத்தின் ஒலி உங்கள் வீட்டை எட்டும்போது அதன் புலம் மிக நுண்ணியது. அதனை மைக்ரோவோல்ட்டில் கொண்டு, டெசிபெல்லாக எழுதுவர். மீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்பது சுழி டெசிபெல். ஒவ்வொரு 20 டெசிபெல் ஏற்றத்துக்கும் புலம் பத்து மடங்காகும். ஆகவே 60 டெசிபெல் என்பது மீட்டருக்கு 1000 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு மில்லிவோல்ட். 60 என்பது 66 ஆனால், பத்தில் ஒரு பங்கு கூடிற்று என்று எண்ணிவிடாதீர்கள். புலம் ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது.