உஷார்! பழைய கான்டெஸாவுக்குப் புது இன்ஜினா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்

காஞ்சிபுரம் பட்டறைகளில் பழைய கான்டெஸா ஒன்று வந்து நின்றால் தெருவே கூடிவிடும். நீண்ட பானெட், அகன்ற முகப்பு, தரையை ஒட்டின உடம்பு. 1984 முதல் 2002 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த இந்த வண்டியைத்தான் நம் இளைஞர்கள் ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று கொண்டாடுகிறார்கள். தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, கொட்டகையில் கிடந்த வண்டியைப் பேரன் மீட்டெடுக்க நினைப்பது நல்ல ஆசை. ஆனால் வேலை நடக்கிற வரிசையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. முதலில் பெரிய இன்ஜின், அடுத்தது பெயின்ட், அப்புறம் அலாய் வீல், அதற்கும் அப்புறம் ஸ்பீக்கர். பிரேக்? “அது நல்லாத்தான் பிடிக்குதுண்ணே, பிறகு பாத்துக்கலாம்.” இந்த ‘பிறகு’தான் ஆளைக் கொல்லும்.

கான்டெஸா பிறவியில் வேகக்கார வண்டி இல்லை. பிரிட்டனில் எழுபதுகளில் ஓடிய வாக்ஸ்ஹால் விக்டர் வரிசைக் காரின் உடம்பு அது. அதற்குள் முதலில் உட்கார்ந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். பிற்பாடு இசுஸுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வந்தது. அந்தச் சக்திக்குத்தான் பிரேக், ஆக்ஸில், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கணக்குப் போடப்பட்டன. இன்று அதில் டர்போ வைத்த ஜப்பான் இன்ஜினைக் கேட்கிறார்கள். வேகம் 80 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு கூடுவதில்லை, இரண்டேகால் மடங்கு கூடுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 27 மீட்டருக்கு மேல் ஓடும். பொன்னேரிக்கரையில் பெங்களூர் நெடுஞ்சாலை ஏறினால் முன்னால் லாரி, பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ், எதிர்த்திசையில் வரும் டூவீலர். அந்த இடத்தில் ஒரு வினாடி தாமதம் என்பது எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேக் விஷயத்தில் யாரும் சொல்லித்தராத ஆபத்து ஒன்று உண்டு. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது பெட்ரோல் இன்ஜினின் உறிஞ்சு விசையால், அதாவது வேக்கத்தால். டீசல் இன்ஜின் அந்த வேக்கத்தைத் தானாகத் தராது. அதற்குத் தனி வேக்கம் பம்ப் வேண்டும். இன்ஜினை மாற்றி, பம்பை மறந்து, பழைய டியூபை எங்கேயோ சொருகி மூடிவிட்டால், தெருவில் மெதுவாக உருட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது பெடல் கல்லாக நிற்கும். டர்போ பெட்ரோல் இன்ஜினிலும், பூஸ்டர் லைனில் இருக்கிற ஒருவழி வால்வைச் சரியாகப் பொருத்தாவிட்டால் இதே கதிதான்.

இன்னொன்று, முன்சக்கரத்துக்கு மட்டும் வேறு வண்டியின் பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் மாட்டிவிட்டு “பிரேக் அப்கிரேடு” என்று பில் போடுவது. மாஸ்டர் சிலிண்டர் அளவு பொருந்தவில்லை என்றால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிப் போகும். முன்-பின் அழுத்தப் பங்கீடு கெட்டால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி, மழை ஈரத்தில் வண்டி பம்பரமாகச் சுற்றும். மாற்றுவதென்றால் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், டிஸ்க், பின் டிரம், ஹோஸ் எல்லாம் ஒரே கணக்கில் மாற வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது ஒற்றைச் சர்க்கியூட் மாஸ்டர் சிலிண்டர் என்றால், ஒரு குழாய் வெடித்தாலே நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அதை இரட்டைச் சர்க்கியூட்டாக மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வருடக்கணக்கில் மாற்றாத ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் ஏர் கன் வைத்து ஊதுகிற பையனைத் தயவுசெய்து தடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

அடுத்தது துரு. கான்டெஸாவுக்குத் தனி சேஸி கிடையாது. தரைத்தகடும் இருபக்க ரன்னிங் போர்டுப் பெட்டியும் சேர்ந்துதான் அதன் முதுகெலும்பு. காந்தி ரோட்டில் பட்டு எடுக்க வருகிற விவரமான ஆள், ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூலும் வெள்ளியும் தெரிகிறதா என்று பார்த்துத்தான் பணத்தை எடுப்பார். பளபளப்பான பெயின்டையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள். சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ரன்னிங் போர்டு, வீல் ஆர்ச், கதவின் அடிப்பக்கம் முழுக்க நகர்த்துங்கள். தகட்டில் ஒட்டிக்கொண்டே போகிற காந்தம் ஓரிடத்தில் பிடி விட்டு நழுவினால் அங்கே இருப்பது இரும்பு இல்லை, பட்டி. பிறகு வண்டியைத் தூக்கச் சொல்லி, கார்ப்பெட்டை உரித்து, ஜாக்கி வைக்கிற இடத்திலும் பின்சஸ்பென்ஷன் கை உடம்போடு சேர்கிற இடத்திலும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். முனை உள்ளே போனால் பெயின்ட் வேலையை அன்றைக்கே நிறுத்துங்கள். துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டைப் போர்த்தி நாலு இடத்தில் டாக் வெல்டிங் வைப்பது ரிப்பேர் இல்லை. நல்ல இரும்பு தெரிகிறவரை வெட்டி எடுத்து, அங்கிருந்து புதுத் தகட்டை முழுக்க வெல்டு செய்ய வேண்டும்.

சீட் பெல்ட்டும் இந்தத் தகட்டை நம்பித்தான் இருக்கிறது. முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1994 மார்ச்சில்; அதற்கு முந்தின வண்டிகள் பலவற்றில் அது இருக்காது. மூன்று முனைப் பெல்ட் போட்டே ஆக வேண்டும். ஆனால் தரைத்தகட்டில் வெறும் ஓட்டை போட்டு போல்ட் மாட்டினால், மோதலில் போல்ட் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். அடியில் கனமான வலுவூட்டுத் தகடு வெல்டு செய்யச் சொல்லுங்கள். படம் பார்த்துவிட்டு ரோல் கேஜ் (உள்ளே மாட்டும் இரும்புக் குழாய்க் கூண்டு) கேட்பவர்களுக்கு: அது ஹெல்மெட் போட்ட பந்தயக்காரருக்கானது. ஹெல்மெட் இல்லாமல் தெருவில் ஓட்டினால் சின்ன இடியிலும் அந்தக் குழாய் மண்டையைப் பிளக்கும்.

இப்போது பெட்ரோல். நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸும் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, மெத்தென்று ஆகி, வெடிக்கும். கசிவு சொட்டுகிற இடம் பெரும்பாலும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கம். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸும், பம்ப் டயஃப்ரமும் எத்தனாலைத் தாங்குவதாக மாற வேண்டும். அதோடு வயரிங். முப்பது வருஷ வயரின் உறை நொறுங்கும் நிலையில் இருக்கும். அதன் மேலேயே ஹார்ன், ஆம்ப்ளிஃபயர், கூடுதல் லைட் என்று ஏற்றினால் டாஷ்போர்டுக்குள் தீ. ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஒவ்வொரு லைனுக்கும் ஃப்யூஸும் போடாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். சீட்டிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று வையுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பாதீர்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது, ஸ்பேசர் வைத்து வீலை வெளியே தள்ளுவது, இரண்டையும் தொடவே வேண்டாம். பெரிய இன்ஜினால் டார்க் (சுழல்விசை) கூடினால் புரொபெல்லர் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸ் உடையலாம். முன்முனை தரையில் விழுந்து குத்தினால் வண்டி எகிறும். ஷாஃப்டைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் போட அதிகச் செலவு ஆகாது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு உள்ள விண்டேஜ் பதிவு கான்டெஸாவுக்கு இன்னும் பொருந்தாது. சொல்லாமல் இன்ஜின் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கலாம். அடிபட்டவர் குடும்பத்துக்கான இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். ஆகவே இன்ஜினுக்குப் பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அசல் இன்ஜினையே முழுசாக ஓவர்ஹால் செய்யுங்கள். நல்ல பிரேக்கும் புது புஷ்ஷும் போட்ட அசல் கான்டெஸா ஓட்ட அவ்வளவு சுகம். வேகம்தான் வேண்டுமென்றால் நம் மாவட்டத்திலேயே இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து பந்தயப் பாதை இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அந்தப் பாதையில் விதிப்படி ஓட்டுங்கள், நெடுஞ்சாலையில் வேண்டாம்.

ஏற்கெனவே இன்ஜின் மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கைப் பலமாக மிதித்து அரை நிமிஷம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது, அல்லது வெளியே எங்கோ ஒழுகுகிறது. பிறகு இன்ஜினை அணைத்து, பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு, மிதித்தபடியே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம்கூடத் தாழவில்லையென்றால் பூஸ்டருக்கு வேக்கம் வரவில்லை. இரண்டில் எது தெரிந்தாலும் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.